பல்லேடியத்தில் விழும் குழிகள்: குளிர் இணைவுச் சோதனைகளும் நுண்ணோக்கிப் படங்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மின்னாற்பகுப்பு முடிந்த ஒரு பல்லேடியத் துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலத்தில் எரிமலை வாய் மாதிரிக் குழிகள் தெரியும். சில இடங்களில் பல்லேடியம் தவிர வேறு தனிமங்களும் பதிவாகும். இவை அணுக்கரு வினையின் தடயங்கள் என்று ஒரு சிறு ஆய்வாளர் கூட்டம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகிறது. இயற்பியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. இந்தப் படங்களைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

எந்தச் சோதனைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளீஷ்மன், ஸ்டான்லி போன்ஸ் என்ற இரண்டு மின்வேதியியலாளர்கள் செய்தியாளர்களைக் கூட்டினார்கள். கனநீரில் (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனத்த வடிவமான டியூட்டீரியம் உள்ள நீர்) லித்தியம் உப்பைக் கரைத்து, பல்லேடியத்தை எதிர்மின்வாயாகவும் பிளாட்டினத்தை நேர்மின்வாயாகவும் வைத்து மின்சாரம் செலுத்தியபோது, கொடுத்ததைவிட அதிக வெப்பம் வந்தது என்றார்கள். அறை வெப்பநிலையிலேயே டியூட்டீரியக் கருக்கள் இணைந்தன என்பது அவர்கள் தந்த விளக்கம். குளிர் இணைவு என்பது இதைத்தான். உலகம் முழுக்க ஆய்வகங்கள் உடனே முயன்று பார்த்தன. பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதிக்குள் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழுவும் போதிய சான்று இல்லை என்று அறிக்கை தந்துவிட்டது.

ஆனால் வேலை நிற்கவில்லை. ஜப்பான், இத்தாலி, அமெரிக்கா, ரஷ்யா, இந்தியா என்று பல இடங்களில் சிறு குழுக்கள் தொடர்ந்தன. வெப்ப அளவீட்டில் மட்டும் வாதத்தை வெல்ல முடியாது என்று தெரிந்தபோது பலர் உலோகத்தையே ஆராயத் தொடங்கினார்கள். அணுக்கரு வினை நடந்திருந்தால் அது உலோகத்தில் ஏதாவது அடையாளத்தை விட்டிருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தில் தவறே இல்லை.

அது ஏன் பல்லேடியம்?

ஹைட்ரஜனை உறிஞ்சுவதில் பல்லேடியத்துக்கு இணை மிகக் குறைவு. தன் பருமனைப் போல ஏறத்தாழ 900 மடங்கு ஹைட்ரஜன் வாயுவை அது உள்ளே வைத்துக்கொள்ளும். 1866இலேயே தாமஸ் கிரஹாம் இதைக் கண்டறிந்துவிட்டார். டியூட்டீரியமும் அப்படித்தான் உள்ளே போகும்.

நுண்ணோக்கிப் படத்தைப் படிக்க வேண்டியவருக்கு இதன் மறுபக்கம்தான் முக்கியம். ஹைட்ரஜன் நிறைந்ததும் பல்லேடியத்தின் அணிக்கோவை, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் அமைப்பு, விரிகிறது. பருமன் 10 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. திடமான உலோகம் ஒன்று பத்தில் ஒரு பங்கு பெருத்தால் உள்ளே என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். படிகமணிகளின் எல்லைகளில் விரிசல் விழும், மேற்பரப்பு கொப்புளிக்கும், வரிவரியாக நழுவல் தடங்கள் தோன்றும். ஹைட்ரஜன் வெளியேறும்போது மீண்டும் சுருங்கி இன்னொரு சுற்றுச் சிதைவு நடக்கும். அணுக்கரு வினை எதுவுமே இல்லாமல், சாதாரண நீரில் செய்தாலும் இவை எல்லாம் நடக்கும்.

நுண்ணோக்கியில் அப்படி என்னதான் தெரிகிறது?

அடிக்கடி காட்டப்படுபவை குழிகள். வட்டமான வாய், ஓரத்தில் உருகி வழிந்ததுபோன்ற விளிம்பு, சில நேரம் நடுவில் ஒரு துளை. அகலம் பெரும்பாலும் சில மைக்ரான்கள்; நூறு மைக்ரானை எட்டுபவையும் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் நேகல் பல குழுக்களின் படங்களைத் திரட்டி, குழிகளின் அளவையும் அவற்றை உண்டாக்கத் தேவைப்படும் ஆற்றலையும் மதிப்பிட்டிருக்கிறார்.

அடுத்தது காலிஃபிளவர் போன்ற திரள்கள். பல்லேடியம் குளோரைடு கரைந்த கனநீரிலிருந்து பல்லேடியத்தையும் டியூட்டீரியத்தையும் ஒரே நேரத்தில் படியவைக்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படையின் சான் டியேகோ ஆய்வகத்தில் ஸ்டானிஸ்லாவ் ஸ்பாக், பமேலா மோஸியர்-பாஸ் குழு இதைத்தான் பயன்படுத்தியது. அந்தப் படிவு தானாகவே அப்படித்தான் வளரும்; அந்த உருவத்தில் வியப்படைய ஒன்றுமில்லை. மின்புலம் கொடுத்த பிறகு சில இடங்களில் உருகியதுபோன்ற மாற்றம் தெரிந்தது என்பதுதான் அவர்கள் முன்வைத்த செய்தி.

அப்புறம் நுண்கோளங்கள், இழைகள், புழு ஊர்ந்ததுபோன்ற தடங்கள். நீருக்கடியில் மின்பொறி, மின்வில் உண்டாக்கும் சோதனைகளில் இவை அதிகம். உருகிய உலோகத் துளி காற்றிலோ நீரிலோ தெறித்தால் பரப்பு இழுவிசை அதை உருண்டையாக்கிவிடும். இரும்பைச் சாணைக்கல்லில் தீட்டும்போது பறக்கும் பொறிகளைச் சேகரித்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் அழகான உருண்டைகள் கிடைக்கும்.

இதே துறைக்குள் மிக நிதானமாகச் செய்யப்பட்ட ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். இத்தாலியின் ஃபிராஸ்காட்டியில் விட்டோரியோ வியோலான்டே குழு, வெப்பம் தந்ததாகக் கருதிய பல்லேடியத் தகடுகளையும் தராதவற்றையும் பிரித்து, படிகமணிகளின் திசை, மேற்பரப்பின் கரடுமுரடு ஆகியவற்றை ஒப்பிட்டது. வெப்பம் உண்மையா என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது. ஆனால் 'சோதனைக்கு முன்பே இந்த உலோகம் எப்படி இருந்தது' என்று கேட்ட மிகச் சில வேலைகளில் இது ஒன்று. நுண்ணோக்கியை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

பல்லேடியம் உருகவே 1555 டிகிரி வேண்டும். குளிர்ந்த நீருக்குள் உருகிய குழி இருந்தால் அது அணுக்கரு ஆற்றல்தானே?

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

10 மைக்ரான் அகலமுள்ள அரைக்கோளக் குழி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்த பல்லேடியத்தின் நிறை ஏறத்தாழ 3 நானோகிராம். அதை அறை வெப்பநிலையிலிருந்து சூடாக்கி உருக்க 2 மைக்ரோஜூலுக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் போதும். இரண்டு டியூட்டீரியக் கருக்கள் இணைந்து ஒரு ஹீலியம்-4 ஆனால் 23.8 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் கிடைக்கும். அந்தக் கணக்கில் ஒரே புள்ளியில் கண் இமைக்கும் நேரத்துக்குள் சுமார் நாலரை இலட்சம் இணைவுகள் நடக்க வேண்டும்.

இப்போது வேதியியல் பக்கம் வருவோம். மின்னாற்பகுப்புக் கலத்தில் ஒரு முனையில் டியூட்டீரியமும் மறுமுனையில் ஆக்சிஜனும் வாயுவாக வெளிவருகின்றன. பல்லேடியமோ இரண்டையும் சேரவைக்கும் சிறந்த வினையூக்கி. அதே 2 மைக்ரோஜூலைத் தர, சுமார் 70 மைக்ரான் விட்டமுள்ள ஒரு குமிழி அளவு டியூட்டீரியம் ஆக்சிஜனுடன் எரிந்தால் போதும். அந்தக் கலத்தில் அத்தகைய குமிழிகள் ஆயிரக்கணக்கில் எழும்.

குமிழி எரிந்தால் அதன் வெப்பம் முழுவதும் உலோகத்துக்குள் போகாது, பெரும்பகுதி நீருக்குப் போய்விடும் என்று குழியை அணுக்கருவின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். அந்த மறுப்பில் வலு இருக்கிறது. ஆனாலும் மின்பொறி, உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தத்தில் வெடிக்கும் கொப்புளம், அரிப்பு, வார்ப்பின்போதே இருந்த துளை என்று வேறு வழிகளும் உள்ளன. கொப்புளம் வெடித்த வாயும் உருகிய வாயும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். உண்மையாகவே உருகியதா என்று தெரிய, குழியைக் குறுக்காக அறுத்து உள்ளே மறுபடிகமாகிய அடுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அயனிக் கற்றையால் அப்படி வெட்டும் கருவிகள் இன்று பரவலாக உள்ளன. மேலிருந்து எடுத்த படம் மட்டும் அதைச் சொல்லாது.

ஃபிளீஷ்மனும் போன்ஸும் தங்கள் முதல் கட்டுரையிலேயே இதைவிடப் பெரிய நிகழ்வு ஒன்றைக் குறிப்பிட்டார்கள்: பல்லேடியக் கட்டி ஒன்றின் பெரும்பகுதி உருகி, ஒரு பகுதி ஆவியாகி, கலமும் புகைபோக்கி அறையின் ஒரு பகுதியும் நாசமாயின என்று. ஹைட்ரஜன் நிறைந்த பல்லேடியம் ஆக்சிஜனைச் சந்தித்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்ற கேள்வி அங்கிருந்தே தொடங்குகிறது.

வெள்ளி, இரும்பு, சிலிக்கான் என்று புதிய தனிமங்கள் தெரிந்ததாகச் சொல்கிறார்களே?

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலான தவறான முடிவுகள் பிறக்கும் இடம் இதுதான்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு பொதுவாக ஓர் எக்ஸ் கதிர் உணரி இணைந்திருக்கும். சுருக்கமாக இ.டி.எஸ். என்பார்கள். எலக்ட்ரான் கற்றை பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிரை உமிழும். உணரி அவற்றை எண்ணி முகடுகளாக வரைந்து தரும். மென்பொருள் ஒவ்வொரு முகட்டுக்கும் மேலே தனிமத்தின் பெயரை எழுதிவிடும். அந்தப் பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது.

வெள்ளியை எடுத்துக்கொள்வோம். வெள்ளியின் முதன்மையான எல்-ஆல்ஃபா கதிர் 2.984 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் வரும். பல்லேடியத்தின் எல்-பீட்டா கதிர் 2.990இல் வரும். வித்தியாசம் வெறும் 6 எலக்ட்ரான்வோல்ட். சாதாரண இ.டி.எஸ். உணரியின் பிரிதிறன் 130 எலக்ட்ரான்வோல்ட் அளவில் இருக்கும். ஆகவே சுத்தமான பல்லேடியத்தையே வைத்தாலும் வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முகடு நிற்கும். பல்லேடியம் ஒரு நியூட்ரானை விழுங்கிப் பீட்டா சிதைவடைந்தால் வெள்ளிதான் வரும் என்பதால், கோட்பாட்டை எதிர்பார்த்து நிற்பவருக்கு அந்த முகடு மிக வசதியான இடத்தில் அமைந்துவிடுகிறது.

இது வெள்ளியோடு முடிவதில்லை. கந்தகம், மாலிப்டினம், ஈயம் மூன்றும் 2.3 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று விழும். டைட்டானியத்தின் இரண்டாம் முகட்டுக்கு மேலேயே வனேடியத்தின் முதல் முகடு. பேரியமும் டைட்டானியமும் அப்படியே.

இன்னொன்று, கற்றை குவியும் புள்ளி நானோமீட்டர் அளவில் இருந்தாலும், எக்ஸ் கதிர் கிளம்பும் பகுதி ஒரு மைக்ரான் அளவுக்குப் பரந்தது. சிதறிய எலக்ட்ரான்கள் தூரத்திலும் படும். மாதிரியை ஏந்தும் அலுமினியத் தாங்கி, பித்தளைத் திருகு, ஒட்டப் பயன்படுத்திய கார்பன் நாடா எல்லாம் கணக்கில் சேரும். குழிக்குள் கற்றையை இறக்கினால் குழியின் சுவர் எக்ஸ் கதிரை விழுங்கி விகிதங்களைக் குலைத்துவிடும். தட்டையான, மெருகேற்றிய பரப்புக்காக எழுதப்பட்ட கணக்கு முறையைக் கரடுமுரடான குழியில் போட்டு வரும் சதவீதங்களுக்கு மதிப்பில்லை.

தனிமம் உண்மையாகவே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வந்திருக்க முடியுமா?

முடியும். பெரும்பாலும் அப்படித்தான் வந்திருக்கிறது. மின்னாற்பகுப்புக் கலம் என்பது, அதைச் சுற்றியுள்ள அசுத்தங்களை எல்லாம் எதிர்மின்வாயில் கொண்டுவந்து சேர்க்கும் கருவி. வாரக்கணக்கில் மின்சாரம் ஓடும்போது கரைசலில் உள்ள உலோக அயனிகள் அத்தனையும் அந்தச் சிறிய தகட்டை நோக்கி வரும். பிளாட்டின நேர்மின்வாய் சிறிது சிறிதாகக் கரைந்து பல்லேடியத்தின் மேல் படியும். கண்ணாடிக் கலம் காரக் கரைசலில் சிலிக்கானையும் போரானையும் விடும். கம்பி, பற்றவைப்பு, ரப்பர் அடைப்பான் எல்லாம் தத்தம் பங்கைத் தரும்.

எண்ணிக்கையிலும் பார்க்கலாம். ஒரு கன மைக்ரான் வெள்ளியில் ஏறத்தாழ 5,900 கோடி அணுக்கள் இருக்கும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. எடையில் அது ஒரு கிராமில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. மிகத் தூய வேதிப்பொருள் என்று விற்கப்படும் எதிலும் இந்த அளவு அசுத்தம் இருக்கும்.

இந்தப் பாடம் பழையது. 1926இல் பெர்லினில் ஃபிரிட்ஸ் பானத்தும் குர்ட் பீட்டர்ஸும் பல்லேடியத்தில் ஹைட்ரஜனிலிருந்து ஹீலியம் உண்டானதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே தாங்களே திரும்பப் பெற்றார்கள். சூடான கண்ணாடியும் கல்நாரும் தாம் உறிஞ்சி வைத்திருந்த ஹீலியத்தை ஹைட்ரஜன் சூழலில் விட்டிருந்தன. அவர்களே தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார்கள் என்பதற்காக அந்த இருவரையும் நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்படியென்றால் மாசு எது, வினையில் பிறந்தது எது என்று பிரிக்கவே முடியாதா?

முடியும். ஐசோடோப்பு விகிதத்தை, அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். பூமியில் எடுத்த வெள்ளியில் 107 நிறையெண் கொண்டது ஏறத்தாழ 52 சதவீதம், 109 கொண்டது 48 சதவீதம். இரும்பில் 56 நிறையெண் கொண்டது கிட்டத்தட்ட 92 சதவீதம். அணுக்கரு வினையில் பிறந்த தனிமம் இதே விகிதத்தில் பிறக்க எந்தக் காரணமும் இல்லை. விகிதம் இயற்கையானதாகவே இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது என்று முடிவு கட்டுவதே சரி.

எக்ஸ் கதிர் முகடு ஐசோடோப்பைக் காட்டாது. அதற்கு அணுக்களை நிறைப்படி பிரித்துக் காட்டும் நிறைநிரல்மானி வேண்டும். அங்கேயும் கண்ணிகள் உண்டு: பல்லேடியம்-105 ஒரு ஹைட்ரஜனோடு ஒட்டி வந்தால் நிறை 106 இடத்தில் உட்காரும், டியூட்டீரியத்தோடு வந்தால் 107இல், அதாவது வெள்ளியின் இடத்தில். ஹைட்ரஜனில் ஊறிய உலோகத்தை ஆராயும்போது இது எப்போதாவது நடக்கும் விபத்தாக இருக்காது, எப்போதும் நடக்கும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தெரிய வேண்டும். 2014இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் நடந்த ஒரு நிக்கல் உலைச் சோதனையின் அறிக்கை, சாம்பலில் (உலையில் ஓடி முடிந்த எரிபொருளில்) இருந்த நிக்கலில் 98.7 சதவீதம் நிக்கல்-62 என்றது. இயற்கையில் அது 3.6 சதவீதம்தான். பிரமிக்கவைக்கும் எண். ஆனால் எரிபொருளை உள்ளே வைத்தபோதும் சாம்பலை வெளியே எடுத்தபோதும் உலையை உருவாக்கியவரே அதில் பங்கேற்றார் என்று அதே அறிக்கை சொல்கிறது. நிக்கல்-62 விலைக்குக் கிடைக்கும் பொருள். யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை; சுயேச்சையான கைகளில் மீண்டும் செய்து காட்டும்வரை அந்த எண்ணை வைத்து எதையும் கட்ட முடியாது என்று மட்டும் சொல்லலாம்.

மிட்சுபிஷி ஆய்வாளர்கள் சீசியத்தைப் பிரசியோடைமியமாக மாற்றியது நிரூபணம் இல்லையா?

2002இல் யாசுஹிரோ இவாமுரா குழு வெளியிட்ட அந்தக் கட்டுரை இந்தத் துறையின் மிகக் கவனமான வேலைகளில் ஒன்று. பல்லேடியமும் கால்சியம் ஆக்சைடும் மாறி மாறி அடுக்கிய மெல்லிய படலத்தின் மேல் சீசியத்தை வைத்து, டியூட்டீரிய வாயுவை ஊடுருவ விட்டார்கள். நாளடைவில் சீசியம் குறைந்து பிரசியோடைமியம் கூடியது என்றார்கள். ஸ்ட்ரான்சியம் வைத்தபோது மாலிப்டினம் வந்ததாகவும் சொன்னார்கள்.

அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சி ஆய்வகம் அதை மீண்டும் செய்ய முயன்றபோது மாற்றத்துக்கான சான்று கிடைக்கவில்லை. மாசு என்ற விளக்கத்தை அது முன்வைத்தது. டொயோட்டாவின் மைய ஆய்வகமோ 2013இல் பிரசியோடைமியம் சிறிதளவு கூடியதாக எழுதியது. அளவுகள் மிகச் சிறியவை. எனக்கு இது முடிந்த வழக்காகத் தோன்றவில்லை, நிரூபணமாகவும் தோன்றவில்லை.

ஹீலியத்தை நேரடியாக நுண்ணோக்கியில் பார்க்க முடியாதா?

இ.டி.எஸ். முறையில் ஹீலியமும் ஹைட்ரஜனும் தெரியவே தெரியாது. ஆனால் ஊடுருவல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உலோகத்துக்குள் அடைபட்ட ஹீலியம் நானோமீட்டர் குமிழிகளாகத் தெரியும். டிரிட்டியம் ஏற்றிய பல்லேடியத்தில் டிரிட்டியம் சிதைந்து ஹீலியம்-3 ஆகி இப்படிக் குமிழிகள் உண்டாவது நன்கு ஆராயப்பட்ட விஷயம். அதில் சர்ச்சை கிடையாது.

குளிர் இணைவில் ஒரு வாட் வெப்பம் ஹீலியம்-4 வழியாக வந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 26,000 கோடி ஹீலியம் அணுக்கள் பிறக்க வேண்டும். இதைத்தான் மெல்வின் மைல்ஸ் போன்றவர்கள் 1990களில் வெளியேறும் வாயுவில் தேடி, வெப்பத்தோடு ஹீலியமும் கூடுவதாகச் சொன்னார்கள். காற்றிலேயே பத்து இலட்சத்தில் 5 பங்கு ஹீலியம் இருப்பதால் மிகச் சிறிய கசிவும் முடிவைக் கெடுத்துவிடும். சாதாரண வழியில் டியூட்டீரிய இணைவு நடந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு வாட்டுக்கு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி நியூட்ரான்கள் வெளிவர வேண்டும். அருகில் நிற்பவர் பிழைக்க மாட்டார்.

சிஆர்-39 பிளாஸ்டிக்கில் விழுந்த மூன்று கதிர்த் தடம் என்ன?

சிஆர்-39 மூக்குக்கண்ணாடி வில்லைக்குப் பயன்படும் பிளாஸ்டிக். ஆல்ஃபா போன்ற கனத்த துகள் அதில் பாய்ந்தால் அந்தப் பாதையில் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்துபோகும். பிறகு சூடான சோடியம் ஹைட்ராக்சைடில் சில மணி நேரம் ஊறவைத்தால் அறுந்த இடம் வேகமாக அரித்துக் கூம்புக் குழியாகும். சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே எண்ணலாம். வீடுகளில் ரேடான் அளக்க உலகெங்கும் இதைத்தான் வைக்கிறார்கள்.

சான் டியேகோ குழு தங்கள் கலத்தில் சிஆர்-39 துண்டுகளை வைத்து ஏராளமான குழிகளைக் கண்டது. அவை வேதி அரிப்பால் வந்தவை என்று மறுப்பு எழுந்ததும், 6 மைக்ரான் தடிமனுள்ள மைலார் என்ற பிளாஸ்டிக் படலத்தை இடையில் வைத்துப் பார்த்தார்கள். 2009இல் அவர்கள் வெளியிட்டது இன்னும் சுவையானது: ஒரே புள்ளியிலிருந்து பிரியும் மூன்று தடங்கள். 9.6 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் உள்ள நியூட்ரான் கார்பன்-12 கருவை மூன்று ஆல்ஃபாக்களாக உடைத்தால் அப்படித்தான் தெரியும். டியூட்டீரிய இணைவின் நியூட்ரானுக்கு 2.45 மில்லியன் மட்டுமே என்பதால், அவர்கள் இரண்டாம் கட்ட வினை ஒன்றையும் கற்பிக்க வேண்டியிருந்தது.

காஸ்மிக் கதிர்களில் வரும் நியூட்ரான்களும் இதே மூவிதழ்த் தடத்தை உண்டாக்கும். ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை, அதே நாட்களில் அதே அறையில் மின்சாரம் இல்லாமல் வைத்த துண்டில் எத்தனை என்பதே தீர்ப்பு சொல்லும். ஒரு தடத்தின் அழகான படம் சொல்லாது.

புழு ஊர்ந்ததுபோன்ற தடங்களை 'விநோதக் கதிர்வீச்சு' என்கிறார்களே?

ரஷ்யாவில் லியோனித் உருட்ஸ்கோயெவ் குழு நீருக்குள் டைட்டானியத் தகட்டை மின்சாரத்தால் வெடிக்கவைத்தபோது, அருகில் வைத்த ஒளிப்படக் குழம்பில் (ஃபிலிமின் மேல் பூசப்படும் வேதிப்பூச்சில்) கம்பளிப்பூச்சி மாதிரித் தடங்கள் விழுந்ததாகச் சொன்னது. காந்த ஒருமுனையம் (ஒரே ஒரு காந்த முனை மட்டும் கொண்ட கற்பனைத் துகள்) வரை விளக்கங்கள் வந்தன. குழம்பும் பிளாஸ்டிக்கும் கீறலுக்கு மிக எளிதில் இடம் கொடுப்பவை. துகள்கள் உருண்டாலும், தட்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்தாலும் சீரான இடைவெளியில் தடம் விழும். இணையாக ஓடும் இரண்டு தடங்கள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வளைந்தால் உராய்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஃபிலிம் கறுப்பதற்கும் கதிர்வீச்சு கட்டாயமில்லை. சில உலோகங்கள் இருட்டிலேயே ஒளிப்படத் தட்டைக் கறுக்கவைப்பதை 1890களிலேயே வில்லியம் ரஸல் விரிவாக ஆராய்ந்தார். ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாவதே அதற்குக் காரணம்.

இந்தியாவில் யாராவது செய்தார்களா?

நிறையவே. டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பி.கே. அய்யங்காரும் எம். சீனிவாசனும் முன்னின்று 1989இலேயே பல குழுக்களை இறக்கினார்கள். டிரிட்டியமும் நியூட்ரானும் கண்டதாக அதே ஆண்டு தனி அறிக்கை வந்தது. டியூட்டீரியம் ஏற்றிய டைட்டானியத் தகடுகளை எக்ஸ் கதிர் ஃபிலிமில் வைத்து, டிரிட்டியம் ஆங்காங்கே புள்ளிகளாகக் குவிந்திருப்பதாகப் படங்கள் காட்டினார்கள். இந்தத் துறையின் பன்னாட்டு மாநாடு 2011 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது.

நான் எல்லோருக்கும் சுட்டிக்காட்ட விரும்பும் வேலை 1994இல் அதே மையத்திலிருந்து வந்தது. நீருக்குள் இரண்டு கார்பன் தண்டுகளுக்கு இடையே மின்வில் உண்டாக்கினால் இரும்பு பிறக்கிறது என்ற பழைய கூற்றைச் சோதித்தார்கள். இரும்பு கிடைத்தது. ஆனால் அதன் அளவு ஓட்டத்துக்கு ஓட்டம் பெரிதும் மாறியது. சிலிக்கான், நிக்கல், அலுமினியம், குரோமியம் எல்லாம் இரும்போடு சேர்ந்தே ஏறி இறங்கின. இரும்பின் ஐசோடோப்பு விகிதம் கிட்டத்தட்ட இயற்கையானதாகவே இருந்தது. இரும்பு உண்டு என்பதோடு நிறுத்தாமல் இந்த மூன்றையும் அளந்து எழுதியதால்தான், படிப்பவர் தானே ஒரு முடிவுக்கு வர முடிகிறது.

இப்போது நிலைமை என்ன?

கூகுள் நிதியில் சுமார் முப்பது ஆய்வாளர்கள் 2015இலிருந்து அமைதியாக வேலை செய்து, 2019இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள்: குளிர் இணைவுக்குச் சான்று இல்லை. ஆனால் பல்லேடியத்தில் ஹைட்ரஜனை நிறைப்பது, வெப்பத்தை அளப்பது ஆகியவற்றில் நல்ல கருவிகள் பிறந்தன. 2023இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் கீழுள்ள ஆர்பா-இ அமைப்பு எட்டுக் குழுக்களுக்கு ஒரு கோடி டாலர் கொடுத்தது. 2025இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, பல்லேடிய இலக்கின் மேல் டியூட்டீரிய அயனிகளைப் பாய்ச்சிக்கொண்டே மறுபக்கத்திலிருந்து மின்வேதி முறையில் டியூட்டீரியத்தை ஏற்றியபோது இணைவு வீதம் 15 சதவீதம் கூடியதாகக் காட்டியது. இது வேகமான அயனிகளால் நடக்கும் வழக்கமான இணைவு. நியூட்ரானை எண்ணி அளந்தார்கள். வெளிவந்த ஆற்றல் கொடுத்ததில் மிக மிகச் சிறு பங்குதான். ஆனால் யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்யக்கூடிய சோதனை.

ஒரு நுண்ணோக்கிப் படம் கண்ணில் பட்டால் எதைக் கேட்க வேண்டும்?

சோதனைக்கு முன் அதே இடத்தின் படம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தகட்டில் ஒரு சிறு குறி போட்டுவைத்தால் அதே சதுரத்துக்குத் திரும்பி வர முடியும். செலவே இல்லாத இந்த வேலையைச் செய்தவர்கள் வெகு சிலரே. பிறகு, அதே தகட்டிலிருந்து வெட்டிய இன்னொரு துண்டைச் சாதாரண நீரில், அதே மின்னோட்டத்தில், அதே நாட்கள் ஓட்டினார்களா? மொத்தம் எத்தனை இடங்களைப் பார்த்து இந்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? எக்ஸ் கதிர் முகட்டின் வரைபடம் முழுதாகத் தரப்பட்டிருக்கிறதா, வெறும் சதவீதப் பட்டியல்தானா? படம் பார்த்தவருக்கு எது சோதனைத் துண்டு, எது ஒப்பீட்டுத் துண்டு என்று தெரியுமா? கடைசிக் கேள்விக்கு 'தெரியாது' என்ற பதில் வந்தால் அந்த வேலையைக் கூடுதல் கவனத்தோடு படிப்பேன்.

வீட்டிலோ கல்லூரியிலோ செய்து பார்க்கலாமா?

வீட்டில் வேண்டாம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மூடிய கலத்தில் சேர்ந்தால் வெடிக்கும். 1992 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வகத்தில் குளிர் இணைவுக் கலம் வெடித்து ஓர் ஆய்வாளர் உயிரிழந்தார்.

கல்லூரியில், மேற்பார்வையோடு, திறந்த கலத்தில், நல்ல காற்றோட்டத்தில் சாதாரண நீரையும் பல்லேடியத் தகட்டையும் மட்டும் வைத்துச் செய்யலாம். பல பல்கலைக்கழகங்களில் கட்டணத்துக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி நேரம் கிடைக்கும். சோதனைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை பதிவு செய்யுங்கள். கையுறை போட்டுத் தகட்டைத் தொடுங்கள். விரல் பட்டால் சோடியமும் குளோரினும் பொட்டாசியமும் முகடுகளாக எழும். 20 கிலோவோல்ட்டில் எடுத்த வரைபடத்தில் மென்பொருள் 'வெள்ளி' என்று எழுதினால், புதுத் தகட்டின் வரைபடத்தை அதன்மேல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.